கிட்னி போன அப்பாவுக்கு எம்ஆர்ஐ-ல மருந்து ஊசி போடலாமா? தோல் கட்டையா போயிடும்னு அத்தை சொல்றாங்க

செம்பனைக்காட்டு மகள் – திங்கள், இரவு 10:40

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல. அப்பாவுக்கு 64 வயசு. முப்பது வருஷம் செம்பனைக் குலை வெட்டினவரு. இனிப்புநீர் (சர்க்கரை வியாதி) ரொம்ப காலமா இருக்கு. ரெண்டு வருஷமா செவ்வாய், வியாழன், சனி ரத்தம் கழுவப் (டயாலிசிஸ்) போறாரு. அதுக்காகக் கையில ரத்தக்குழாய்களை இணைச்சுச் செஞ்ச பிஸ்டுலா அடைச்சுப் போனதால இப்போதைக்கு நெஞ்சுல டியூப். ரெண்டு மாசத்துக்கு முன்னால அந்த டியூப் வழியா ரத்தத்துல கிருமி போயி, பத்து நாள் வார்டுல கிடந்தாரு.

இப்போ மூணு வாரமா இடுப்புக்கு மேல முதுகுல வலி. சும்மா வலி இல்ல. ராத்திரி திரும்பிப் படுக்கக்கூட என்னைக் கூப்பிடுறாரு. சாயங்காலமானா மேல் காயுது. அந்தக் கிருமி முதுகெலும்புல போயி உட்கார்ந்திருக்கலாம்னு டாக்டருக்குச் சந்தேகம். வர்ற வெள்ளிக்கிழமை ஈப்போவுல எம்ஆர்ஐ. கையில மருந்து ஊசி போட்டு எடுக்கணுமாம்.

பாரத்துல ‘பூவா பிங்காங்’ (கிட்னி) கோளாறு இருக்கான்னு மலாய்ல ஒரு கேள்வி இருந்துச்சு. இருக்குன்னு கோடு போட்டேன். கவுண்டர்ல வாங்கின பொண்ணு அதைப் படிக்காமலே முத்திரை குத்தி உள்ளே வச்சிட்டாங்க. அப்போ எனக்கு ஒண்ணும் தோணல. வீட்டுக்கு வந்து அத்தைகிட்ட போன்ல சொன்னதும் அவங்க பதறிட்டாங்க. அவங்க இருந்த தோட்டத்துல ஒருத்தருக்குக் கிட்னி போனதுக்கப்புறம் இதே ஊசி போட்டு, கால் தோலெல்லாம் மரக்கட்டை மாதிரி இறுகி, கடைசி வரைக்கும் நடக்கவே இல்லையாம்.

இது உண்மையா? அப்பாவுக்கு ரெண்டு வருஷத்துக்கு முன்னால சிடி எடுத்தப்போ போட்ட மருந்தும் இதுதானா? வேண்டாம்னு சொல்லிட்டா முதுகுல இருக்கிற கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பாங்க? அப்பா இதையெல்லாம் கேட்கல. அரை மணி நேரம் அசையாம மல்லாக்கப் படுக்கணுமே, முதுகு தாங்குமான்னு மட்டும்தான் கேட்கிறாரு. தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு சொல்லுங்க.


கம்பார் தம்பி – திங்கள், இரவு 11:15

அக்கா, எம்ஆர்ஐ வேணாம், சிடி போதும்னு கேளுங்க. அப்படியே ஊசி போட்டாலும் பயப்பட வேணாம். அன்னைக்கே ரெண்டு மூணு இளநீர் குடிக்கக் கொடுங்க, எல்லா மருந்தையும் அடிச்சிட்டு வெளியே கொண்டுவந்துடும். எங்க மாமாவுக்கு அப்படித்தான் செஞ்சோம்.


மிசி (நர்ஸ்), ரத்தம் கழுவும் நிலையம் – செவ்வாய், காலை 6:05

வேலைக்குக் கிளம்புற நேரத்துல இதைப் பார்த்தேன். விட்டுட்டுப் போக மனசு வரல.

தம்பி, உங்க மாமாவுக்குக் கிட்னி நல்லா இருந்திருக்கும். ரத்தம் கழுவுறவங்களுக்கு இளநீர் கொடுக்கவே கூடாது. அதுல பொட்டாசியம் அதிகம். கிட்னி வேலை செய்யாத உடம்புல அது ஏறினா இதயம் துடிப்பு தப்பி நின்னே போயிடும். குடிச்ச தண்ணியும் எங்கேயும் போகாது, நுரையீரல்லதான் நிக்கும். பிளிம்பிங் பழமும் (நட்சத்திரப் பழம்) அப்படித்தான், ஒரு துண்டுகூட ஆகாது, அது மூளையைப் பாதிக்கும். நல்ல எண்ணத்துல சொன்னீங்கன்னு தெரியும். ஆனா இதைப் படிச்சிட்டு யாராவது கொடுத்துடக்கூடாது.

சகோதரி, நீங்க இன்னைக்கே உங்க நிலையத்து மிசிகிட்ட எம்ஆர்ஐ தேதியைச் சொல்லிடுங்க. ஊசி போட்ட அன்னைக்கே, முடிஞ்ச அளவு சீக்கிரமா, ஒரு தடவை கழுவிட்டா நல்லது. வெள்ளி எம்ஆர்ஐ, சனி மதியம் கழுவுறதுன்னா இடையில ஒரு நாள் போயிடும். வெள்ளி சாயங்காலத்துக்கு மாத்தித் தரக் கேளுங்க. அடைச்சுப்போன பிஸ்டுலா இருக்கிற கையில ஊசி குத்த விடாதீங்க. அதைத் திறக்கிற யோசனை டாக்டருக்கு இருக்கலாம்.


டிரெசர் வீட்டம்மா – செவ்வாய், மதியம் 2:20

மகளே, உங்க அத்தை சொன்னது பொய் இல்லை. அந்த மாதிரி ஒரு மனுஷனோட நாலரை வருஷம் நான் குடும்பம் நடத்தினேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோ.

என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில டிரெசர். கோலகங்சார் பக்கம் ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவாரு, மீதி ஆறு நாளும் இவர்தான். பாம்புக்கடி, பிரசவம், பால் வெட்டுற கத்தி பட்ட கை, எல்லாம் இவர் கையிலதான் முதல்ல வரும். சட்டைப் பையில எப்பவும் ஒரு 555 புத்தகம் இருக்கும். கடையில கடன் எழுதுவாங்களே, அந்தச் சின்னப் புத்தகம். யாருக்கு என்ன ஊசி, எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு, எந்தக் கையில, எல்லாம் அதுல இருக்கும். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் ஊசி போட்டாக்கூட மருந்து பேரை எழுதாம விடமாட்டாரு. தீமிதி அன்னைக்கு வேட்டி கட்டிக்கிட்டு முதலுதவிப் பெட்டியோட குண்டத்துப் பக்கத்துல நிப்பாரு, அப்போவும் இடுப்புல அந்தப் புத்தகம் இருக்கும்.

அவருக்கும் இனிப்புநீர்தான். 2003-ல ரத்தம் கழுவ ஆரம்பிச்சோம். 2004 கடைசியில இடது கால் கட்டைவிரல்ல ஒரு புண்ணு, ஆறவே இல்ல. காலுக்கு ரத்தம் எங்கே தடைபடுதுன்னு பார்க்கணும்னாங்க. சிடி மருந்து மிச்சமிருக்கிற கிட்னியையும் கெடுத்துடும், எம்ஆர்ஐ மருந்துதான் கிட்னிக்காரங்களுக்குப் பாதுகாப்புன்னு டாக்டர் சொன்னாரு. அன்னைக்கு உலகம் பூராவுமே அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தாங்க, மகளே. அந்த டாக்டரை நான் இன்னைக்கு வரைக்கும் குத்தம் சொன்னதில்ல. நல்லது நினைச்சுத்தான் செஞ்சாரு.

மூணாவது வாரம் கணுக்கால் ரெண்டும் வீங்கிச்சு. உடம்புல தண்ணி சேர்ந்திடுச்சுன்னு நினைச்சு, கழுவும்போது கூடுதலா தண்ணி எடுத்தாங்க. வீக்கம் இறங்கல. அவர்தான் முதல்ல கண்டுபிடிச்சாரு. ‘நீர் வீக்கம்னா விரல வச்சு அமுக்கினா குழி விழணும், இங்க பாரு, விழல’ன்னாரு. அப்புறம் எரிச்சல். மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி இருக்குன்னு சொல்லுவாரு, போர்வைகூடப் படக்கூடாது. தோல் சிவந்து, பிறகு கறுத்து, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியா ஆச்சு.

நீ தோட்டத்துல வளர்ந்திருந்தா ஸ்டோர்ல ரப்பர் பால் உறைய விடுறதைப் பார்த்திருப்ப. காலையில தண்ணியா ஊத்தின பாலு, ஆசிட் விட்டு வச்சா சாயங்காலத்துக்குள்ள தட்டுல கட்டியா நிக்கும். விரல வச்சு அழுத்தினா உள்ளே போகாது, விரலைத்தான் திருப்பித் தள்ளும். அவர் கால் அப்படித்தான் ஆச்சு. கணுக்கால்ல ஆரம்பிச்சு, முட்டி, தொடைன்னு ஏறிச்சு. முட்டி மடங்கின இடத்துலேயே நின்னுடுச்சு, நீட்ட முடியல. ஆறு மாசத்துல கைக்கு வந்துச்சு. முகத்தை மட்டும் தொடல. கண்ணோட வெள்ளைப் பகுதியில மஞ்சள் மஞ்சளா திட்டு வந்துச்சு, நான் மஞ்சள் காமாலைன்னு நினைச்சு கீழாநெல்லி அரைச்சுக் கொடுத்தேன். அது தப்புன்னு இப்போ தெரியுது.

விரல் மடங்கிப் போனதும் அவரால பேனா பிடிக்க முடியல. புத்தகத்துல அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

என்ன வியாதின்னு ரெண்டரை வருஷம் யாருக்கும் தெரியாது. களிம்பு போட்டாங்க, ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தாங்க, அது சர்க்கரையைத்தான் ஏத்துச்சு. 2007-ல கோலாலம்பூர்ல ஒரு தோல் டாக்டரம்மா தொடையில ஆழமா வெட்டி சதை எடுத்துப் பரிசோதிச்சாங்க. முடிவு வந்த அன்னைக்கு அவங்க கேட்ட முதல் கேள்வி, ‘இதுக்கு முன்னால எப்பவாவது மருந்து போட்டு எம்ஆர்ஐ எடுத்தீங்களா?’ நான் மறந்தே போயிருந்தேன். அவர்தான் பழைய புத்தகத்தைத் தேடி எடுக்கச் சொன்னாரு. அந்த நாளுக்குப் பக்கம் இருந்துச்சு. ‘எம்ஆர்ஐ. வலது கை. ஊசி ஒண்ணு.’ அவ்வளவுதான். மருந்து பேரு இல்ல, அளவு இல்ல.

எடுத்த இடத்துக்கு நான் ரெண்டு தடவை நடந்தேன். பழைய பதிவு கிடைக்கலன்னு சொல்லிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி அவர் சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. ‘இத்தனை வருஷம் ஊருக்கெல்லாம் பேர் எழுதி ஊசி போட்டேன். எனக்குப் போட்டப்போ பேர் கேக்கல.’ 2009 ஆடி மாசம் தூக்கத்துலேயே இதயம் நின்னு போயிட்டாரு.

இதையெல்லாம் உன்னைப் பயமுறுத்தச் சொல்லல. அந்த மருந்தெல்லாம் பழசு, இப்போ வேற வந்திருச்சுன்னு எங்களுக்கு அந்த டாக்டரம்மாவே பின்னால சொன்னாங்க. விவரம் தெரிஞ்சவங்க யாராவது எழுதுவாங்க. நான் கேட்கிறது ரெண்டே ரெண்டு. எம்ஆர்ஐ-யைத் தள்ளிப் போடாதே. முதுகெலும்புல சீழ் கட்டினா நரம்பை அமுக்கி காலே விழுந்துடும்னு எங்க தோட்டத்து டாக்டர் சொல்லக் கேட்டிருக்கேன். அப்புறம், ஊசி போடுறவர்கிட்ட மருந்து பேரைக் கேட்டு, அவர் முன்னாலேயே எழுது. கடையில 555 புத்தகம் இன்னும் விக்குது.


எக்ஸ்ரே அண்ணன் – செவ்வாய், இரவு 9:50

டிரெசர் வீட்டம்மா எழுதினதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. நான் 25 வருஷமா எக்ஸ்ரே, சிடி, எம்ஆர்ஐ எடுக்கிற வேலையில இருக்கேன். 2004-ல நானும் அந்த மருந்தைக் கிட்னி நோயாளிகளுக்குப் போட்டவன்தான். அம்மா, உங்க வீட்டுக்காரர் மாதிரி கால் படங்களுக்கு அப்போ வழக்கமான அளவை விட ரெண்டு மூணு மடங்கு போடுவோம். எங்க யாருக்கும் தெரியாது. ஆனா அந்தக் கையெல்லாம் எங்க கைதான்.

தங்கச்சி, முதல்ல குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். சிடி-ல போடுறது அயோடின் மருந்து. எம்ஆர்ஐ-ல போடுறது கடோலினியம். ரெண்டும் வேற வேற. தோல் இறுகுற வியாதி கடோலினியத்தால வர்றது, அயோடினால வராது. அயோடினால தடிப்பு, அரிப்பு வரலாம். கிட்னி போனவங்களுக்கு ரொம்ப அபூர்வமா ஒரு சில நாள்ல முகம், கழுத்தெல்லாம் சீழ்க்கொப்புளம் வரும், அது பெரும்பாலும் தானா அடங்கிடும். அப்பா இன்னும் கொஞ்சம் சிறுநீர் கழிக்கிறார்னா, அந்த மிச்சத்தையும் அயோடின் பாதிக்கலாம். அதனால ‘சிடி பாதுகாப்பு, எம்ஆர்ஐ ஆபத்து’ன்னு பிரிக்க முடியாது. அதுவும் முதுகுத்தண்டுல கிருமியைப் பார்க்க எம்ஆர்ஐ அளவுக்கு சிடி காட்டாது.

வியாதிக்குப் பேரு நெப்ரோஜெனிக் சிஸ்டமிக் பைப்ரோசிஸ். முதல் நோயாளிகளை 1997-ல அமெரிக்காவுல கவனிச்சாங்க, 2000-ல மருத்துவ இதழ்ல எழுதினாங்க. எல்லாருமே கிட்னி கெட்டவங்கன்னு தெரிஞ்சுதே தவிர, காரணம் தெரியல. 2006-ல ஆஸ்திரியாவுல ஒரு டாக்டர், ரத்தம் கழுவுற ஒன்பது பேருக்குக் கடோலினியம் போட்டதுல அஞ்சு பேருக்கு ரெண்டுல இருந்து நாலு வாரத்துல தோல் இறுகினதைக் கவனிச்சு எழுதினாரு. அதே வருஷம் டென்மார்க்லயும் பதிமூணு பேரைக் கண்டாங்க. 2007-ல அமெரிக்க மருந்து நிர்வாகம் இந்த வகை மருந்து எல்லாத்துக்கும் கறுப்புக்கட்டம் போட்ட எச்சரிக்கையைக் கொண்டுவந்துச்சு. அம்மாவோட டாக்டரம்மா 2007-ல அந்தக் கேள்வியைக் கேட்டதுக்கு இதுதான் காரணமா இருக்கும்.

கடோலினியம் தனியா இருந்தா நஞ்சு. அதனால அதை இன்னொரு மூலக்கூறுக்குள்ள கட்டி வச்சுத்தான் உடம்புக்குள்ள விடுறாங்க. கட்டுற விதம் ரெண்டு. பழைய விதம், கயித்தால சுத்துற மாதிரி, ரெண்டு முனையும் திறந்திருக்கும். இன்னொண்ணு நாலு பக்கமும் அடைச்ச கூண்டு மாதிரி. நல்ல கிட்னி இருக்கிறவங்களுக்கு ஒன்றரை, ரெண்டு மணி நேரத்துல பாதி மருந்து வெளியே போயிடும், எந்தக் கட்டா இருந்தாலும் பெரிசா பிரச்சினை வரல. கிட்னி போனவங்க உடம்புல பாதி போறதுக்கே 30 மணி நேரத்துக்கு மேல ஆகும். அவ்வளவு நேரம் சுத்திக்கிட்டே இருந்தா கயிறு அவிழ்ந்து கடோலினியம் வெளியே வந்து தோல்ல படியுது. புண்ணை ஆத்துறதுக்குத் தழும்பு கட்டுற அணுக்கள், புண்ணே இல்லாத இடத்துல தழும்பு கட்ட ஆரம்பிக்குது. இப்படித்தான் விளக்குறாங்க.

கயிறு வகையில ஓம்னிஸ்கான், மேக்னவிஸ்ட், ஆப்டிமார்க் மூணையும் கிட்னி ரொம்பக் கெட்டவங்களுக்குப் போடவே கூடாதுன்னு 2010-ல அமெரிக்காவுல தடுத்தாங்க. 2017-ல ஐரோப்பா அந்த மருந்துகளை நரம்புல ஏத்துறதையே நிறுத்தி வச்சது. கூண்டு வகையில கடோபியூட்ரோல், கடோட்டெரேட், கடோடெரிடால் இருக்கு. கூண்டு வகையையும் அதுக்கு இணையா பாதுகாப்புன்னு வகைப்படுத்தின மருந்தையும் போட்டுக்கிட்ட, கிட்னி நோய் கடைசி ரெண்டு கட்டத்துல (4, 5) இருக்கிற 4,931 பேரோட கணக்கை 2020-ல ஒரு ஆய்வுல சேர்த்துப் பார்த்தாங்க. ஒருத்தருக்குக்கூட இந்த வியாதி வரல. அதுக்காக ஆபத்து சுத்தமா பூஜ்யம்னு எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டாரு. ஆனா முதுகுல கிருமி இருக்கிற ஆபத்தோட பக்கத்துல வச்சுப் பார்த்தா ரொம்பச் சின்னது.

வெள்ளிக்கிழமை பாரத்தை நம்பி இருக்காதீங்க, வாயால சொல்லுங்க. மெஷின் அறைக்கு வெளியே எங்க ஆள் யாராவது வந்து கேள்வி கேட்பாங்க. அப்போ ‘அப்பா ரத்தம் கழுவுறவரு’ன்னு முதல் வார்த்தையா சொல்லுங்க. முதல்ல மருந்து இல்லாம எடுத்துப் பார்த்துட்டு, தேவைப்பட்டா மட்டும் போடலாமான்னு கேளுங்க. எலும்புல கிருமி இருக்கான்னு மருந்து இல்லாமலே ஓரளவு நல்லாத் தெரியும். நரம்புக்குப் பக்கத்துல சீழ் கட்டி இருக்கான்னு பிரிச்சுப் பார்க்கத்தான் மருந்து பெரிசா உதவும். போட்டாங்கன்னா என்ன பேரு, எத்தனை மில்லின்னு கேளுங்க. கேட்கிறது உங்க உரிமை, எங்களுக்குக் கோபம் வராது. மிசி சொன்ன மாதிரி அன்னைக்கே கழுவினா, முதல் தடவையிலேயே பெரும்பகுதி போயிடும், மூணு தடவையில 95 விழுக்காட்டுக்கு மேல போயிடும். வயித்துல தண்ணி விட்டு எடுக்கிற முறையில இருக்கிறவங்களுக்குத்தான் வெளியேற ரொம்ப நாள் இழுக்கும்.

அப்பாகிட்ட சொல்லுங்க, முட்டிக்குக் கீழ தலையணை வைக்கக் கேட்டா வைப்போம். முதுகு வலி கொஞ்சம் குறையும். வலி மாத்திரை எதைப் போடலாம்னு முந்தின நாளே டாக்டர்கிட்ட கேட்டு வச்சுக்கோங்க.


செம்பனைக்காட்டு மகள் – சனி, காலை 7:30

வார்டுல இருந்து எழுதுறேன். நேத்து எம்ஆர்ஐ முடிஞ்சது.

அண்ணன் சொன்ன மாதிரி வாசல்லயே சொன்னேன். கேள்வி கேட்க வந்த தம்பி பாரத்தைத் தேடி எடுத்து, நான் போட்ட கோட்டைப் பார்த்துட்டு, ‘நல்ல வேளை சொன்னீங்க’ன்னு உள்ளே போயி டாக்டருக்குப் போன் பண்ணாரு. முதல்ல மருந்து இல்லாம எடுத்தாங்க. தலையணை வச்சாங்க. இடுப்புப் பக்கம் மூணாவது, நாலாவது எலும்புக்கு நடுவுல இருக்கிற வட்டுல கிருமி இருக்கு. நரம்புக்குப் பக்கத்துல ஏதோ நிழல் தெரியுது, சீழா வெறும் வீக்கமான்னு பார்க்கணும்னு டாக்டர் வெளியே வந்து என்கிட்ட பேசினாரு. எந்த மருந்துன்னு கேட்டேன். கடோபியூட்ரோல்னு சொல்லி, புட்டியைத் திருப்பி எனக்குக் காட்டினாரு. அப்பா 58 கிலோ. 5.8 மில்லி. ஒத்துக்கிட்டேன். கையெழுத்துப் போடும்போது கை நடுங்குச்சு, அதை மறைக்கல.

சீழ் இல்லை. அப்படியே வார்டுல சேர்த்துட்டாங்க. சாயங்காலம் ஆறரைக்கே ரத்தம் கழுவிட்டாங்க. இன்னைக்கு மறுபடியும் ஒரு தடவை. ஆறு வாரம் கிருமி மருந்து ஏத்தணுமாம்.

டிரெசர் வீட்டம்மா, வியாழக்கிழமையே பாசார் பக்கத்துக் கடையில 555 புத்தகம் வாங்கிட்டேன். முதல் பக்கத்துல எழுதினது இதுதான்: ‘அப்பா. எம்ஆர்ஐ முதுகு. கடோபியூட்ரோல் 5.8 மில்லி. வலது கை. வெள்ளி காலை 11:20. கழுவினது மாலை 6:30.’


டிரெசர் வீட்டம்மா – சனி, காலை 8:05

நல்லா எழுதியிருக்க, மகளே. அடுத்த பக்கத்துல தேதி போட்டு கோடு கிழிச்சு வச்சுக்கோ. வாரத்துக்கு ஒரு நாள் குளிப்பாட்டும்போது ரெண்டு கணுக்காலையும் விரலால அமுக்கிப் பாரு. குழி விழுதா, தோல் கிள்ள வருதா, எரிச்சல் இருக்கான்னு எழுது. ஆறு மாசம் எழுது. அப்பா வீட்டுக்கு வந்ததும் சொல்லு. கோலகங்சார்ல இருந்து பஸ் ஏறினா சுங்கை சிப்புட் பக்கம்தானே, நான் வந்து பார்க்கிறேன்.